பிர்காவிலிருந்து ஒரு ரயில்

அந்தச் சின்னக் கண்ணாடி வட்டத்துக்குள் வெள்ளை மட்டும்தான் தெரிய வேண்டும். நாற்பது வருடங்களுக்கு மேலாக அப்படித்தான் தெரிந்தது. அன்று மதியம் கெசினே டியூட்டிக்கு வந்து, ஈரக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது, வட்டத்தின் கீழ்விளிம்பில் நகக்கீற்று அளவுக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

எஷன்ரோடா சந்திப்பின் சிக்னல் கேபினில் பழைய சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. பேரரசர் காலத்து இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் தலைக்கு மேல் நீளமாக ஒரு மரப்பெட்டி, அதில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கண்ணாடி வட்டம். வெள்ளை என்றால் அந்தப் பாதை காலி. சிவப்பு என்றால் அதில் ரயில் வந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் மூன்று பாதைகள் இங்கே வந்து கூடின. பீட்ரூட் மூட்டைகளும் பட்டாளத்துக்காரர்களும் கோடை விடுமுறைக் கூட்டமும் இங்கேதான் வண்டி மாறினார்கள். பணக்காரர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு சாப்பாட்டுக் கூடங்கள் வேறு. இப்போது மிஞ்சியிருப்பது தெற்கிலிருந்து வந்து வடக்கே போகும் சிறு ரயில் ஒன்றுதான். சாப்பாட்டுக் கூடத்தில் புறாக்கள் குடும்பம் நடத்துகின்றன. மூன்றாவதான பிர்காவ் பாதையை மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அது கிடந்த இடத்தில் தொடை கனத்துக்கு வெள்ளைப் பட்டையுள்ள பூர்ச்ச மரங்கள் வளர்ந்துவிட்டன. அதன் லீவரைக் கழற்றச் செலவாகும் என்று விட்டுவைத்து, மேலே வெள்ளைப் பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். பிர்காவ் டெலிபோனும் சுவரிலேயே தொங்கியது. அதன் வயரை ஒரு சாண் கீழே வெட்டியிருந்தார்கள்.

சிவந்திருந்தது அந்தப் பிர்காவ் வட்டம்தான்.

"ப்ரெல், இதைப் பாத்தீங்களா?"

ஹில்மர் ப்ரெல் காலை டியூட்டிக்காரர், ஓய்வுக்கு இன்னும் ஒரு குளிர்காலம் பாக்கி. பிளாஸ்கை மூடுவதில் அளவுக்கு மீறிய அக்கறை காட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"துரு. நவம்பர் ஈரத்துல எல்லாமே துருப்பிடிக்கும், என் முட்டி உட்பட."

"சிவப்பா இருக்கே?"

"பின்ன துரு என்ன பச்சையாவா இருக்கும்? அதை விடு. பொண்ணு தனியா வர்றாளாமே?"

"ஆமா, சாயங்கால வண்டியில. அவ அப்பன் அங்க ஏத்தி விடுவான். தனியா இதுதான் முதல் தடவை." மகள் யெட்டெக்கு ஒன்பது வயது. விவாகரத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கொரு முறை அப்பாவிடம் போவாள். இதுவரை யாராவது கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்கள். "கேபினைத் தாண்டும்போது ஜன்னல்ல கையை ஆட்டுடின்னு சொல்லிருக்கேன். சிவப்புக் கையுறை போட்டுக்கச் சொன்னேன். அப்பதான் எனக்கு இங்கேருந்து தெரியும்."

ப்ரெல் கதவருகே போய்த் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். அன்று இறந்தவர்களின் ஞாயிறு. ஊரே கல்லறைத் தோட்டத்தில் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி விளக்கேற்றிக்கொண்டிருக்கும். அவரும் மனைவியின் கல்லறைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கெசினே, இந்த ஞாயித்துக்கிழமை ஷிப்டை எப்பவும் நான்தான் ராத்திரி வரைக்கும் பாப்பேன். இந்த வருஷம் முட்டி ஒத்துக்கல. நீ பழைய சாமான் எதையும் தொடாம இரு."

"ஏன், பேய் வருமா?"

"சொன்னா சிரிப்பே."

"சிரிக்கிறதுக்குத்தானே உங்களோட வேலை பாக்குறேன்."

அவர் சிரிக்கவில்லை. மரப்படிகளில் ஒவ்வொரு காலாக இறங்கிப் போனார். வாயைத் திறந்து முழுசாகச் சொல்லியிருக்கலாம். கேலிக்குப் பயந்து நல்ல மனுஷர்கள் எத்தனையோ விஷயங்களைத் தொண்டையிலேயே வைத்துக்கொள்கிறார்கள், வினை மற்றவர்கள் தலையில் விடிகிறது.

அவர் போன பிறகுதான் கெசினே அதைப் பார்த்தாள். பிர்காவ் டெலிபோனின் இரண்டு மணிக் கிண்ணங்களுக்கு நடுவே ப்ரெலின் தோல் கையுறை ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. மனுஷன் இந்தக் குளிரில் ஒற்றைக் கையுறையோடு கல்லறைத் தோட்டத்தில் நிற்பாரே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அதைப் பிடுங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

நான்கரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவந்து, முதலில் பழைய தண்ணீர்த் தொட்டியையும் பிறகு நடைமேடையின் கடைசி விளக்கையும் விழுங்கியது. கேபினுக்குள் எண்ணெயும் பழைய மரமும் கெசினே கொண்டுவந்த கசகசா கேக்கும் கலந்து எப்போதும்போல ஒரு வாசம் அடித்தது. அதற்கடியில் இன்னொன்று, முதலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெலிதாக, கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. நிலக்கரிப் புகை. யாரோ வீட்டில் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு அதனுள் ஈர வைக்கோலும் மூத்திரமும் நாறின. அதற்கு அவளால் எந்த வீட்டையும் காரணம் சொல்ல முடியவில்லை.

யெட்டெ செல்போனில் அழைத்தாள். "அம்மா, ஜன்னலோரம் கிடைச்சிருச்சு. கேக் இருக்கா?"

"இருக்கு. எனக்கு ஒரு துண்டு வெச்சுட்டு மிச்சம் பூரா உனக்கு."

"அப்பா எனக்கு ரெண்டு துண்டு குடுத்தாரு."

"குடுப்பாரு, குடுப்பாரு. நீ இறங்குற இடத்தைத் தூங்கி விட்டுடாதே."

இனித் தெற்கே ஹார்ட்ஃபெல்டு ஸ்டேஷனிலிருந்து இங்கோல்ஃப் கூப்பிட வேண்டும். இந்தப் பாதையில் இன்னும் பழைய முறைதான். பக்கத்து ஸ்டேஷன்காரர் டெலிபோனில் ரயிலைச் சொல்லி "ஏற்கிறீர்களா?" என்று கேட்பார். இவள் "ஏற்கிறேன்" என்பாள். அந்த ஒரு சொல் கிடைக்காமல் அங்கிருந்து சக்கரம் உருளாது. சொல்லிவிட்டால் அந்த ரயில் இவள் பொறுப்பு. அது வந்து, கடைசிப் பெட்டியின் முதுகிலிருக்கும் சிவப்பு விளக்கை இவள் தன் கண்ணால் பார்க்கும் வரை, அந்தப் பாதையை விடுவிக்க முடியாது. குறுக்கே வேறு வண்டியையும் உள்ளே விட முடியாது. லீவர்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். பதினெட்டு வருடமாகக் கேள்வி காதில் விழுந்ததும் பதில் தானாக வருகிறது.

மணி அடித்தது. கெசினே காப்பிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டி ரிசீவரை எடுத்தாள்.

"ரயில் ஒன்று நிற்கிறது. ஏற்கிறீர்களா?"

"ஏற்கிறேன்."

மறுமுனையில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். ஒருவர் விட்ட மூச்சாகத் தோன்றவில்லை.

ரிசீவரை மாட்டிய பிறகுதான் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். கனமான, கறுப்பான, பிர்காவ் ரிசீவர். அதன் வயர் ஒரு சாண் நீளத்தில் வெட்டுப்பட்டு, செம்பு இழைகள் பிரிந்து, காற்றில் மெல்ல ஆடியது.

உடனே அடுத்த மணி. இந்த முறை சரியான டெலிபோன். "ஹார்ட்ஃபெல்டு பேசுறேன்," என்றார் இங்கோல்ஃப். "இளவரசி வர்ற வண்டி ரெடி. ஏற்கிறீர்களா, மகாராணி?"

"ஏற்கிறேன்," என்றாள். குரல் கம்மியது.

"என்ன, ஜலதோஷமா?"

அவள் ரிசீவரை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். பிர்காவ் வட்டம் முழுக்கச் சிவந்திருந்தது.

வெளியே கம்பி ஓடும் சத்தம் கேட்டது. சிக்னல் கம்பி கப்பிகளின் மேல் கீச்சிட்டு ஓடும் சத்தம், அவளுக்குத் தன் மூச்சைப் போலப் பழக்கம். ஆனால் அது தென்கிழக்கே, பூர்ச்ச மரங்களுக்குள் ஓடியது. அங்கே கம்பியும் இல்லை, கப்பியும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் குறி போட்ட லீவர் பாதி இறங்கியிருந்தது.

தெற்கு லீவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பூட்டிக்கொண்டுவிட்டது. பிர்காவ் ரயில் உள்ளே வந்து தீரும்வரை யெட்டெயின் ரயிலுக்கு வழி கிடையாது.

ப்ரெலை அழைத்தாள். பின்னணியில் கல்லறைத் தோட்டத்துக் காற்று.

"ப்ரெல், பிர்காவ் போன் அடிச்சுது."

"எடுக்காதேம்மா. கையுறை…"

"எடுத்துட்டேன். ஏற்கிறேன்னு சொல்லிட்டேன்."



"யாருமே அப்படிச் சொன்னதில்ல," என்றார் ப்ரெல். "எடுத்தவங்க எல்லாம் இல்லன்னுதான் சொல்லிருக்கோம். நான் மூணு தடவை சொல்லிருக்கேன், கடவுள் மன்னிக்கட்டும். உங்க தாத்தாலேருந்து அப்படித்தான்."

"எங்க தாத்தாவா?"

"உனக்குத் தெரியாதுன்னு சொல்லாதே. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம், அவ்வளவுதான்."

தெரியும். சின்ன வயதில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி, இவள் வந்ததும் பேச்சை மாற்றிய விஷயம். ப்ரெல் இப்போது தாழ்த்தாமல் சொன்னார். இரண்டாம் உலகப் போர் முடியப்போகும் குளிர்காலம். வதை முகாமிலிருந்து கைதிகளை அடைத்த சரக்கு ரயில் ஒன்று பிர்காவ் பக்கமிருந்து வந்தது. எஷன்ரோடாவில் இடமில்லை, சாப்பாடில்லை, தொற்றுநோய் பரவும் என்று ஊர்ப் பெரிய மனுஷர்கள் சொன்னார்கள். கேபினில் உட்கார்ந்திருந்தவர் கெசினேயின் தாத்தா. அங்கிருந்து கேட்கக் கேட்க இவர் "ஏற்கவில்லை, நிறுத்திவையுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரயில் ஊருக்கு வெளியே பள்ளத்தில், கதவெல்லாம் வெளியே தாழிட்டபடி, பனியில் நின்றது. முதல் நாட்களில் சத்தம் ஊருக்குள் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"ஸ்டேஷன் கட்டி நூத்தம்பது வருஷம்னு காத்திருப்பு அறையில படமெல்லாம் மாட்டினாங்களே," என்றார் ப்ரெல். "இது மட்டும் எங்க போச்சுன்னு ஒருத்தனாவது கேட்டானா? நானும் கேக்கல."

"யெட்டெ வர்ற வண்டி வெளிச் சிக்னல்ல நிக்கப் போகுது. நான் என்ன பண்ண?"

"பொறுத்துக்கோ. நீ ஏத்துக்கிட்டே. அது வரட்டும், முழுசா வரட்டும். பின்விளக்கைப் பாக்கிற வரைக்கும் எதையும் தொடாதே. வந்துட்டா ஒருவேளை போயிடும், கெசினே. இத்தனை வருஷமா அதுக்கு வேண்டியது அது ஒண்ணுதானோ என்னவோ."

அவள் பொறுத்துக்கொண்டாள். ஜன்னலைத் திறந்து வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனிமூட்டத்துக்குள் எங்கோ இரும்பு இரும்பின்மேல் உருண்டது, மிக மெதுவாக, பல காலம் நின்ற சக்கரங்கள் முதல் முறை திரும்புவதைப் போல முக்கி முனகி. உருண்டு, நின்றது. மறுபடி உருண்டது. புகை கண்ணைக் கரித்தது. ரேடியோவில் டிரைவர் தோர்ஸ்டன் வந்தார்.

"கெசினே, தாயே, சிவப்புலயே நிக்கிறேன். சிக்னல் போட மனசு வரலையா?"

"லீவர் மாட்டிக்கிச்சு. கொஞ்சம் இரு."

"இருக்கேன். எனக்கென்ன, வீட்ல மாமியார்தான் வந்திருக்கா."

சிரிக்கத்தான் நினைத்தாள். செல்போன் ஒலித்தது.

"அம்மா, பக்கத்துத் தண்டவாளத்துல ஒரு ரயில் வந்து நிக்குது."

அந்த இடத்தில் யெட்டெயின் வண்டிக்குப் பக்கத்தில் தண்டவாளமே கிடையாது. பூர்ச்ச மரங்கள்தான்.

"யெட்டெ, ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் வா."

"மரப் பெட்டிம்மா. ஜன்னலே இல்ல. மேல ஒரு சின்ன இடுக்கு இருக்கு, அதுல கையை விட்டு ஆட்டுறாங்க. நானும் ஆட்டினேன்."

"ஆட்டாதே."

"நீதானே ஆட்டச் சொன்னே?"

"எனக்குத்தான் ஆட்டச் சொன்னேன்! நடுப்பக்கம் வந்து உக்காருடி!"

"கூப்பிடுறாங்கம்மா. ரொம்ப மெதுவா பேசுறாங்க. என்னன்னு கேக்குறேன்…"

இணைப்பு அறுந்தது.

பொறு என்றார் ப்ரெல். உருளும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அது வந்தே இருக்கும். ஆனால் அவள் பெற்றவள். அந்த ரயில் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பிர்காவ் வட்டத்துக்குக் கீழே ஈய முத்திரை வைத்த பொத்தான் ஒன்று இருந்தது, கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவதற்கு. முத்திரைக் கம்பியைப் பிய்த்தாள். விரல் கிழிந்தது. பொத்தானை அழுத்தியபடியே கறுப்பு ரிசீவரைக் காதில் வைத்தாள்.

யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தார்கள்.

"ஏற்கவில்லை," என்றாள். "நிறுத்திவையுங்கள்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்! நாக்கில் பழகிய சொல் மாதிரி.

உருளும் சத்தம் நின்றது. வெள்ளைக் குறி போட்ட லீவர் தடாலென்று மேலேறியது. வட்டம் வெளுத்தது. தெற்கு லீவர் வெண்ணெய்போல் இறங்கியது.

"வந்துருச்சு பச்சை," என்றார் தோர்ஸ்டன். "கும்பிடுறேன் தாயே."

சிறு ரயில் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. வெளிச்சமான ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கேபினைத் தாண்டின. மலர்வளையம் வைத்திருந்த ஒரு பெண். தூங்கிவழிந்த ஒரு பட்டாளத்துப் பையன். ஒரு காலி ஜன்னல். அதன் கண்ணாடியில் சின்ன உள்ளங்கை அளவுக்கு நீராவி துடைக்கப்பட்டிருந்தது. கடைசிப் பெட்டி. பின்விளக்கு.

யாரும் கை ஆட்டவில்லை.

வண்டி நடைமேடையில் நின்றதும் ரேடியோவைப் பிடித்தாள். "தோர்ஸ்டன், யெட்டெ எங்க?"

"உன் பொண்ணா? இறங்கலையா? இரு, பாக்குறேன்." காலடிச் சத்தம் உள்ளே போயிற்று. திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது அவர் குரலில் மாமியார் கேலி எல்லாம் ஓடிப்போயிருந்தது. "பை இருக்கு. கோட்டு இருக்கு. கெசினே, நாங்க நின்னப்ப ஒரு கதவு திறந்திருக்குன்னு விளக்கு எரிஞ்சுது. மரத்துப் பக்கக் கதவு. உடனே அணைஞ்சிருச்சு, கோளாறுன்னு நெனச்சேன்…"

பிர்காவ் டெலிபோன் அடித்தது.

"அம்மா?"

"யெட்டெ! எங்கடி இருக்கே?"

"இங்க இருட்டா இருக்கு. நெறைய பேர் இருக்காங்க. கதவைத் திறக்க முடியல." பின்னால் யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் பாடம் ஒப்பிப்பது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ரயில் ஒன்று நிற்கிறது. ஏற்கிறீர்களா?"

"ஏற்கிறேன்."

வட்டம் வெள்ளை.

"ஏற்கிறேன்! ஏற்கிறேன், ஏத்துக்கிறேன்டி கண்ணே, எல்லாரையும் ஏத்துக்கிறேன்!"

"அம்மா, கேக்கல. இல்லன்னா சொன்னே?"

வெள்ளை.

ரிசீவரை விட்டுவிட்டு வெள்ளைக் குறி போட்ட லீவரின் மேல் விழுந்தாள். உடம்பின் மொத்தப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டாள். அது கல்லாக நின்றது. அதன் காலடியில் கம்பி, எப்போதும் கிடந்தது போலவே, அறுந்து துருவேறிக் கிடந்தது.

வெளியே பனிமூட்டம் கொஞ்சம் விலகியது. பூர்ச்ச மரங்களுக்கு நடுவே மரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. வரிசையின் முடிவு தெரியவில்லை. முதல் பெட்டியின் இடுக்கில் ஒரு சிவப்புக் கையுறை, கேபினைப் பார்த்து, சொன்ன சொல் தவறாமல் ஆடிக்கொண்டிருந்தது.